மெர்க்ஸுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது?

அக்டோபர் 12, 2025

வாசகர் ஒருவர் கேட்டது: "நேற்று லொம்பார்டியாவைத் தொடர்ந்து ஐந்தாவது வருடமாக ஸ்லோவேனியாவின் பொகாச்சார் ஜெயித்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கிகாலியில் உலகப் பட்டம். சாலை சைக்கிள் பந்தய வரலாற்றிலேயே பெரிய ஆள் இவர்தான் என்று இனியாவது ஒத்துக்கொள்ளலாமா, இல்லை இன்னமும் மெர்க்ஸ் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கப் போகிறோமா?"

1960களிலும் 70களிலும் ஓட்டிய பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் பெயரைத்தான் சொல்வேன். மூன்று வாரச் சுற்றுப் பந்தயங்களில் டூர் தெ பிரான்ஸ் ஐந்து, ஜிரோ (இத்தாலி) ஐந்து, வுவெல்டா (ஸ்பெயின்) ஒன்று, உலகப் பட்டம் மூன்று, மோனுமென்ட் 19. தொழில்முறையில் 525 வெற்றி. மோனுமென்ட் என்று சொல்வது மிலான்–சான் ரெமோ, ஃப்ளாண்டர்ஸ், பாரிஸ்–ரூபே, லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ், லொம்பார்டியா ஆகிய ஐந்து பழைய ஒருநாள் பந்தயங்களை. ஐந்தும் ஐந்து மாதிரி. சான் ரெமோவில் கடைசி சில கிலோமீட்டரில் வேகம் வேண்டும், ரூபேயில் கற்பாவிய சாலையில் குலுங்கிக்கொண்டே பலத்தோடு மிதிக்க வேண்டும், லொம்பார்டியாவில் மலை ஏறத் தெரிய வேண்டும். ஐந்தையும் ஜெயித்தவர்கள் இதுவரை மூன்றே பேர்: ரிக் ஃபான் லோய், மெர்க்ஸ், ரோஜே டி வ்லாமிங்க். மூவரும் பெல்ஜியக்காரர்கள்.

என் கணக்கில், எத்தனை ஜெயித்தார் என்பதைவிட எத்தனை விதமான பந்தயத்தை ஜெயித்தார் என்பதுதான் முதல் கேள்வி. மலை ஏறுகிறவனுக்கு ஒரு உடம்பு, கல்லில் ஓட்டுகிறவனுக்கு வேறொரு உடம்பு. அந்தந்த வகையில் கெட்டிக்காரனை அவன் களத்திலேயே போய்த் தோற்கடிப்பவன்தான் பெரியவன். அப்படிப் பார்த்து, கைக்கு வந்தபடி பத்துப் பேர்: மெர்க்ஸ், இனோ, கோப்பி, பொகாச்சார், ஆங்க்தீல், ஷான் கெல்லி, பார்தாலி, இந்துராய்ன், பிண்டா, டி வ்லாமிங்க்.

அக்டோபர் 13

ஒரு திருத்தம். 525 என்பது மெர்க்ஸின் அமெச்சூர் நாட்களையும் சேர்த்த எண்ணிக்கை. தொழில்முறையில் 445. அவரைத் தாங்கிப் பிடிக்க எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 1971இல் மட்டும் 120 பந்தயத்தில் இறங்கி 54ஐ ஜெயித்தவர்.

அக்டோபர் 15

"எண்ணிக்கையை வைத்து மட்டும் சொல்கிறீர்கள்" என்று அதே வாசகர். நியாயம்தான். அப்படியானால் 1969ஐ எடுத்துக்கொள்வோம்.

மெர்க்ஸ் அந்த வருடம் ஜிரோவில் முன்னிலையில் இருந்தபோது சவோனாவில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்டார். தான் எதுவும் எடுக்கவில்லை என்றுதான் அன்று முதல் சொல்லிவருகிறார். தடை நீக்கப்பட்டு, சில வாரங்களில் டூரில் இறங்கினார். அதுதான் அவருடைய முதல் டூர். மொத்த நேரத்தில் முதலில் நிற்பவருக்கான மஞ்சள் ஜெர்சி, புள்ளிப் பட்டியல், மலையேற்றப் பட்டியல் மூன்றையும் ஒருவரே எடுத்தார். இரண்டாவதாக வந்த பிங்ஜோனுக்கும் அவருக்கும் இடையில் 17 நிமிடம் 54 விநாடி.

அதிலும் மூரான்ஸ் கட்டம் (டூரில் ஒரு நாள் ஓட்டம்) இருக்கிறதே, அதைப் பற்றி எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சலிக்காது. மஞ்சள் ஜெர்சி ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது, எட்டு நிமிடத்துக்கு மேல் முன்னிலை, பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். ஆனால் தூர்மலே மலை உச்சியில் பிரிந்தவர் ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தனியாகவே ஓட்டிப் போய் இன்னும் எட்டு நிமிடம் போல சேர்த்துக்கொண்டார். தேவையே இல்லாத வேலை. அந்தத் தேவையில்லாத வேலையில்தான் அவர் யார் என்பது தெரிகிறது. கணக்குப் போட்டு ஜெயிக்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆங்க்தீல் அப்படித்தான் ஜெயித்தார், இந்துராய்னும் அப்படித்தான். ஆனால் மனது போய் நிற்பது மூரான்ஸில்தான்.

அதே வருடம் செப்டம்பரில் ப்ளுவா ஓட்டப்பாதையில் மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஓட்டும் பந்தயத்தில் விபத்து. அவருக்கு முன்னால் வண்டி ஓட்டிய ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் அந்த இடத்திலேயே இறந்துபோனார். மெர்க்ஸுக்குத் தலையில் அடி, இடுப்பு எலும்பு கோணிக்கொண்டது. அதற்குப் பிறகு மலையேற்றம் தனக்கு ஒருபோதும் பழையபடி இருந்ததில்லை, வலியோடுதான் ஏறினேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பந்தயத்தின் நடுவிலேயே சீட் உயரத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். அவருடைய ஐந்து டூரில் நான்கு இந்த விபத்துக்குப் பிந்தையவை.

இதை நான் தள்ளி நின்று படிக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஈரமான இறக்கம் ஒன்றில் வழுக்கி விழுந்து என் காறை எலும்பு உடைந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒவ்வொரு இறக்கத்திலும் கை தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். வளைவு தெரிவதற்கு முன்பே உடம்பு பயந்துவிடும். நான் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவன். பக்கத்தில் ஒருவர் செத்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த வசந்தத்தில் ரூபேயின் கற்களில் போய் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிப்பதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை.

அக்டோபர் 19

"காலம் மாறிவிட்டது, சைக்கிள் மாறிவிட்டது, சாப்பாடு மாறிவிட்டது, அப்புறம் எப்படி ஒப்பிடுவது?" என்று வேறொருவர். பட்டியல் போடும் எல்லோரையும் மடக்குகிற கேள்வி இது. முழுப் பதில் யாரிடமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விஷயத்தில், ஏறக்குறைய நேராக ஒப்பிட வாய்த்தது.

மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு வந்தவர்கள் தட்டுச் சக்கரம், வளைந்த சட்டம், கையை முன்னால் நீட்டிப் படுத்து ஓட்டும் ஹேண்டில்பார் என்று சாதனையை மேலே மேலே கொண்டுபோனார்கள். கிறிஸ் போர்ட்மேன் 1996இல் 56.375 வரை போனார். ஓட்டுகிறவனின் சாதனையா, சைக்கிளின் சாதனையா என்று குழப்பம் வந்து, 2000இல் சர்வதேச சைக்கிள் சங்கம் மெர்க்ஸ் ஓட்டியது மாதிரியான சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும் என்று விதி போட்டது: உருளைக் குழாய்ச் சட்டம், கம்பிச் சக்கரம், வளைந்த சாதாரண ஹேண்டில்பார். அதே போர்ட்மேன் மான்செஸ்டரில் அந்தச் சைக்கிளில் ஏறி ஒரு மணி நேரம் ஓட்டினார். 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர்.

28 வருடத்துப் பயிற்சி அறிவியலும் சேர்ந்து பத்து மீட்டர்! மெக்சிகோ உயரமான இடம், காற்று இலேசு, அது மெர்க்ஸுக்குச் சாதகம்தான். ஆனால் அவருடையது திறந்தவெளி ஓட்டப்பாதை, போர்ட்மேனுடையது கூரைக்கு உள்ளே. அதோடு போர்ட்மேன் இந்த ஒரு வேலையிலேயே ஊறியவர். மெர்க்ஸ் அந்த வருடம் சான் ரெமோ, லியேஜ், ஜிரோ, டூர், லொம்பார்டியா எல்லாவற்றையும் ஜெயித்து முடித்துவிட்டு, சீசன் கடைசியில் போய் உட்கார்ந்தவர்.

இதைப் படித்த பிறகு நானும் ஒரு நாள் காலையில் சமதளச் சாலையில் நிற்காமல் ஒரு மணி நேரம் முழு மூச்சாக ஓட்டிப் பார்த்தேன். 31 கிலோமீட்டர் சொச்சம். முதல் பத்து நிமிடம் சுகமாக இருந்தது, நாற்பதாவது நிமிடத்துக்கு மேல் தொடை மட்டுமல்ல, கழுத்து, முழங்கை, உள்ளங்கை எல்லாம் தனித்தனியாக வலித்தது. மலை ஏறும்போது இறக்கம் வரும் என்ற நம்பிக்கையாவது இருக்கும். இதில் எதுவும் வராது. 49 கிலோமீட்டர் என்ற எண்ணைத் தாளில் படிப்பது வேறு.

அக்டோபர் 20

நேற்று எழுதியதில் போர்ட்மேனைக் கொஞ்சம் மட்டம் தட்டிவிட்ட மாதிரி தொனிக்கிறது. அப்படி நினைக்கவில்லை. அவர் 56 கிலோமீட்டர் சாதனையோடு நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால் பழைய சைக்கிளில் ஏறி, தோற்றுவிடும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு அந்த ஒப்பீட்டை நமக்குக் கொடுத்தவர் அவர்தான்.

அக்டோபர் 26

கோப்பியை மூன்றாவதாக வைத்தது தப்பு. ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஃபௌஸ்டோ கோப்பி 1940 ஜிரோவில் பார்தாலிக்கு உதவி வீரராக இறங்கியவர். வயது 20. பார்தாலி விழுந்து அடிபட்டுப் பின்தங்க, பையன் ஜெயித்துவிட்டார். பந்தயம் முடிந்தது ஜூன் 9. மறுநாள் இத்தாலி போரில் இறங்கியது. அதற்கப்புறம் 1946 வரை ஜிரோ இல்லை, 1947 வரை டூர் இல்லை. 1942 நவம்பரில், குண்டு விழுந்துகொண்டிருந்த மிலான் நகரத்து விகோரெல்லி ஓட்டப்பாதையில் ஒரு மணி நேர சாதனையைச் செய்தார். அப்புறம் ராணுவம், வட ஆப்பிரிக்கா, 1943இல் பிரிட்டிஷ் படையிடம் போர்க்கைதி. பொகாச்சார் மூன்று டூரும் ஒரு ஜிரோவும் ஜெயித்து முடித்திருந்த வயதில் கோப்பி முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் 1946 மிலான்–சான் ரெமோவை ஜெயித்தது 14 நிமிட வித்தியாசத்தில். ஒருநாள் பந்தயத்தில் 14 நிமிடம்! 1949இல் ஒரே வருடத்தில் ஜிரோவையும் டூரையும் ஜெயித்த முதல் ஆள். அந்த ஜிரோவில் கூனியோவிலிருந்து பினெரோலோ போகும் கட்டத்தில் ஐந்து மலைகளைத் தாண்டி 192 கிலோமீட்டர் தனியாக ஓட்டினார், பார்தாலி 11 நிமிடம் 52 விநாடி கழித்து வந்து சேர்ந்தார். 1952 டூரை 28 நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் எடுத்தார். இரண்டாவது இடத்துக்காவது மற்றவர்கள் போட்டி போடட்டும் என்று அந்த வருடம் இரண்டாம் பரிசுத் தொகையைக் கூட்டினார்கள்.

நாற்பது வயதில் மலேரியாவில் செத்துப்போனார், 1960 ஜனவரி 2. அதைக் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது இன்னும் வயிற்றெரிச்சல்.

போர் இல்லாவிட்டால் இத்தனை ஜெயித்திருப்பார் என்று எண் போட நான் தயாராக இல்லை. நடக்காத பந்தயத்தை யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் நடந்த பந்தயங்களில் அவர் ஜெயித்த விதத்தைப் பார்த்தால் இனோவுக்குக் கீழே வைக்க மனம் வரவில்லை. கோப்பி இரண்டு, இனோ மூன்று.

அக்டோபர் 26, இரவு

பார்தாலியை விட்டுவிட்டேன். கோப்பியைப் பற்றிப் பேசினால் இவரையும் பேச வேண்டும். முதல் டூர் 1938, இரண்டாவது 1948. பத்து வருட இடைவெளி, வேறு யாருக்கும் இல்லை. போர் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கோப்பியிடமிருந்து எடுத்ததைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம். போர் தொடங்கியபோது இவர் உச்சத்தில் இருந்தார். அந்த வருடங்களில் பயிற்சிக்குப் போகிற மாதிரி ஃப்ளாரன்ஸுக்கும் அசிசிக்கும் இடையில் ஓட்டி, யூதர்களைக் காப்பாற்றும் போலி ஆவணங்களை சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி வைத்துக் கொண்டுபோனதற்காக இஸ்ரேலின் யூத இன அழிப்பு நினைவகமான யாட் வாஷெம் 2013இல் அவரைக் கௌரவித்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. இருந்தபோதும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. இதைத் தரவரிசையில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. ஆனால் சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போக என்னால் முடியவில்லை.

நவம்பர் 2

"உங்கள் பத்தில் ஒரு பெண்கூட இல்லையே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஒரே வரி. அந்த வரிக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள் ஆகியது.

முதலில் மனதில் வந்தது, "பெண்களுக்கு டூர் இல்லை, மோனுமென்ட் இல்லை, எதை வைத்து ஒப்பிடுவது?" என்பதுதான். எழுதக்கூட ஆரம்பித்தேன். அப்புறம்தான் உறைத்தது. போரால் போன வருடங்களுக்காக கோப்பியை மேலே ஏற்றியவன் நான். பந்தயமே நடத்தாமல் விட்டதால் போனவற்றை மட்டும் "இல்லை" என்று எழுதிவிட்டுக் கடந்துபோகப் பார்த்தேன். பெண்களுக்கு உலகப் பட்டப் போட்டி தொடங்கியது 1958இல்தான். ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயம் 1984இல். ரூபே 2021இல்.

பெரில் பர்ட்டன். இங்கிலாந்துக்காரர், கடைசி வரை அமெச்சூர், பண்ணையில் கூலி வேலை பார்த்துக்கொண்டே ஓட்டியவர். சாலையில் உலகப் பட்டம் இரண்டு, 1960, 1967. ஓட்டப்பாதையில் ஐந்து. பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த டைம் ட்ரையல் (தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்டுவது) பட்டத்தைத் தொடர்ந்து 25 வருடம், 1959 முதல் 1983 வரை, வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1967இல் 12 மணி நேரப் பந்தயம் ஒன்றில் 277.25 மைல் ஓட்டினார், சுமார் 446 கிலோமீட்டர். அதே பந்தயத்தில் ஆண்களில் முன்னிலையில் இருந்த மைக் மெக்நமாரா, தானும் ஆண்களுக்கான புதிய சாதனையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அவரைப் பிடித்த பர்ட்டன், தாண்டிப் போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஒரு பெண்ணின் தூரத்தை எட்டிப் பிடிக்க ஆண்களுக்கு இரண்டு வருடம் ஆனது. பெண்களுக்கு அதே சாதனை ஐம்பது வருடம், 2017 வரை நின்றது.

ஜானி லாங்கோ: 1985 முதல் 1995 வரை சாலையில் ஐந்து உலகப் பட்டம், டைம் ட்ரையலில் நான்கு, 1996இல் ஒலிம்பிக் தங்கம், ஏழு ஒலிம்பிக்கில் பங்கேற்பு.

மரியான் வோஸ்: இவருடைய கணக்கில் எனக்குப் பிடித்தது தங்கம் இல்லை. 19 வயதில் 2006 உலகப் பட்டம். அப்புறம் 2007, 2008, 2009, 2010, 2011, ஐந்து வருடமும் வெள்ளி. தொடர்ந்து ஐந்து முறை இரண்டாவதாக வந்தவர் 2012இல் மறுபடி தங்கம், 2013இல் மறுபடி தங்கம். நடுவில் லண்டன் ஒலிம்பிக்கில் கொட்டும் மழையில் இன்னொரு தங்கம். சேற்றில் ஓட்டும் சைக்ளோகிராஸில் எட்டு உலகப் பட்டம், பெய்ஜிங்கில் ஓட்டப்பாதைத் தங்கம். எல்லா வகையும் ஜெயிப்பதுதான் அளவு என்று முதல் நாளே சொன்னேன். அந்த அளவை நேர்மையாகப் பிடித்தால் மெர்க்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிற முதல் ஆள் வோஸ்தான். பெண்களுக்கு டூர் வேண்டும் என்று 2013இல் மனுப் போட்டவர்களில் அவரும் ஒருவர். 2022இல் அந்த டூர் வந்தபோது இரண்டு கட்டம் ஜெயித்து மஞ்சள் ஜெர்சி போட்டார். இந்த வருடமும், 38 வயதில், முதல் கட்டத்தை ஜெயித்து மறுபடி மஞ்சள் போட்டார்.

நவம்பர் 3

ஆன்மீக் ஃபான் ஃப்ளூட்டனை நேற்று எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்தை நோக்கி இறங்கும்போது விழுந்து முதுகெலும்பில் முறிவு. 2022இல், 39 வயதில், ஜிரோ, டூர், ஸ்பெயினின் சுற்றுப் பந்தயம் மூன்றையும் ஜெயித்து, முழங்கை எலும்பு உடைந்த சில நாளில் உலகப் பட்டத்தையும் ஜெயித்தார். அந்தக் கையால் எழுந்து நின்று மிதிக்க முடியாது என்பதால், கடைசியில் உட்கார்ந்தபடியே பாய்ந்தார்.

நவம்பர் 9

ஊக்கமருந்து. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆம்ஸ்ட்ராங் பட்டியலில் இல்லை. 1999 முதல் 2005 வரையிலான ஏழு டூரும் 2012இல் பறிக்கப்பட்டன, அந்த வருடங்களுக்கு வேறு யாரையும் வெற்றியாளராக அறிவிக்கவும் இல்லை. அந்த ஏழு ஜூலையும் ராத்திரி கண்விழித்துப் பார்த்தவன் நான். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் என்று வீட்டில் எல்லோரிடமும் கதை சொல்லியிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆனால் மெர்க்ஸ்? சவோனாவைச் சொன்னேன். 1973 லொம்பார்டியா வெற்றி இருமல் மருந்தில் இருந்த ஒன்றால் பறிக்கப்பட்டது. 1977இலும் ஒரு சோதனையில் சிக்கினார். கோப்பி தேவைப்படும்போது எடுத்துக்கொள்வேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆங்க்தீலும் ஒளிக்கவில்லை. அப்படியென்றால் ஒருவரை வெளியே தள்ளிவிட்டு மற்றவர்களை உள்ளே வைப்பது என்ன நியாயம்?

இப்போதைக்கு என்னிடம் இருக்கும் பதில் இது. ஊக்கமருந்துச் சோதனை டூரில் தொடங்கியதே 1966இல். கோப்பி காலத்தில் அதைத் தடுக்கும் விதி இல்லை. மெர்க்ஸ் சிக்கியபோது அன்றைய விதிப்படி தண்டனை வாங்கினார், அந்த வெற்றிகள் அவர் கணக்கில் இல்லை. 19 மோனுமென்டில் 1973 லொம்பார்டியா சேராது. ஆம்ஸ்ட்ராங் விஷயம் அணி முழுவதையும் இழுத்து, உண்மை சொன்னவர்களை மிரட்டி, வருடக்கணக்கில் நடத்திய ஏற்பாடு. மூன்றும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். ஆனாலும் பிடித்தவர்களுக்கு ஒரு தராசு, பிடிக்காதவருக்கு ஒரு தராசு என்று நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

நவம்பர் 16

சரி, ஆரம்பக் கேள்விக்கே திரும்புகிறேன். அதற்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. முடிந்துபோன ஒருவரின் முழு வாழ்க்கையையும் பாதியில் இருக்கும் ஒருவரையும் பக்கத்தில் வைத்தால் பாதிக்காரர் சின்னதாகத்தான் தெரிவார். அதனால் இருவரையும் ஒரே வயதில் நிறுத்திப் பார்த்தேன்.

மெர்க்ஸ் பிறந்தது 1945 ஜூன், பொகாச்சார் 1998 செப்டம்பர். 1972 சீசன் முடிவில் மெர்க்ஸுக்கு 27. இந்த சீசன் முடிவில் பொகாச்சாருக்கும் 27.

டூர்: நான்குக்கு நான்கு. உலகப் பட்டம்: இரண்டுக்கு இரண்டு. ஜிரோ: மெர்க்ஸுக்கு மூன்று, பொகாச்சாருக்கு ஒன்று. மோனுமென்ட்: 13க்கு 10.

எழுதி முடித்துவிட்டு ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் இன்றைய கூட்டம் வேறு. மெர்க்ஸ் காலத்தில் ஜெயிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவின் ஐந்தாறு நாட்டிலிருந்து வந்தார்கள். இன்று கொலம்பியா, ஸ்லோவேனியா, ஆஸ்திரேலியா என்று எங்கிருந்தும் வருகிறார்கள். 2024 டூரில் புள்ளிப் பட்டியலுக்கான பச்சை ஜெர்சி எரித்ரியாவின் பினியாம் கிர்மாய்க்குப் போனது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் இத்தனை ஜெயிக்கிறார்.

2020 டூரின் கடைசிக்கு முந்தின நாளை நேரலையில் பார்த்தேன். ரோக்லிச்சைவிட 57 விநாடி பின்னால் இருந்த பையன் லா ப்ளான்ஷ் தெ பெல் ஃபீ ஏற்றத்தில் அதை அழித்து 59 விநாடி முன்னால் போனான். இரண்டு நாள் கழித்து அவனுக்கு 22வது பிறந்தநாள். ரோக்லிச் ஹெல்மெட் கோணலாக, தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அன்று எனக்கு வருத்தம்தான் வந்தது. பொகாச்சாரை ஏற்றுக்கொள்ளவே நாளானது. அந்தத் தயக்கம் என் முதல் பட்டியலிலும் ஒட்டிக்கொண்டிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனாலும் இரண்டு இடத்தில் மெர்க்ஸ் தனியாகத்தான் நிற்கிறார். அந்த 13 மோனுமென்டில் ஐந்து சான் ரெமோ, இரண்டு ரூபே. பொகாச்சாருடைய பத்தும் ஏற்றம் உள்ளவை: லொம்பார்டியா ஐந்து, லியேஜ் மூன்று, ஃப்ளாண்டர்ஸ் இரண்டு. தன் உடம்புக்குப் பொருந்தாத இரண்டையும் இன்னும் தாண்டவில்லை.

நவம்பர் 17

ஆனால் அவற்றுக்குப் போகிறார், அதுதான் பெரிய விஷயம். டூர் ஜெயிக்கிறவர்கள் ரூபே பக்கமே தலைவைக்காமல் இருந்த காலம் எவ்வளவு நீண்டது! ஏப்ரலில் முதல் முறையாக ரூபேயில் இறங்கி, ஒரு வளைவில் தவறி விழுந்தும் இரண்டாவதாக வந்தார், ஜெயித்தது ஃபான் டெர் பூல். சான் ரெமோவில் 2024இலும் 2025இலும் மூன்றாவது.

நவம்பர் 23

தோற்ற விதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடனே வந்தது 1975 டூர். புய் தெ டோம் ஏற்றத்தில் பார்வையாளர் ஒருவர் மெர்க்ஸின் வயிற்றுப் பக்கம் குத்தினார். அடுத்த கட்டத்தில், ப்ரா-லூ ஏற்றத்தில் மெர்க்ஸ் துவண்டுபோக, பிரான்ஸின் தெவனே தாண்டிப் போய் மஞ்சள் ஜெர்சியை எடுத்தார். இரண்டு நாள் கழித்து இன்னொரு வீரரோடு மோதி விழுந்து மெர்க்ஸின் கன்ன எலும்பு உடைந்தது. மருத்துவர் நிறுத்தச் சொன்னார். கெட்டியான எதையும் மென்று சாப்பிட முடியாத நிலையில் பாரிஸ் வரை ஓட்டி, 2 நிமிடம் 47 விநாடியில் தோற்றார். விலகியிருந்தால், மெர்க்ஸ் இல்லாததால் ஜெயித்தார் என்று தெவனேயைக் காலம் முழுக்கச் சொல்லியிருப்பார்கள்.

நவம்பர் 24

புலிதோர் பற்றிக் கேட்டவருக்கு: எட்டு முறை டூரில் முதல் மூன்று பேரில் ஒருவராக மேடையில் ஏறியவர், ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சி போட்டதில்லை. பத்தில் வரமாட்டார். பேரன் ஃபான் டெர் பூல் 2021இல் மஞ்சள் ஜெர்சி போட்டு அழுதபோது நானும் அழுதேன்.

டிசம்பர் 7

இன்றைய நிலையில் என் பட்டியல். ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில், ஏனென்றால் பந்தயம் எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். மெர்க்ஸ், கோப்பி, வோஸ், பொகாச்சார், இனோ, பர்ட்டன், லாங்கோ, பார்தாலி, ஆங்க்தீல், ஃபான் ஃப்ளூட்டன்.

இனோ இறங்கிவிட்டார் என்பது எனக்கே வலிக்கிறது. 1980 லியேஜில் பனிப்பொழிவில் கிளம்பிய 174 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள், அவர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்தார், விரல் மரத்துப்போய் அதன் உணர்வு முழுசாகத் திரும்பவே இல்லை. பிடிக்கவே பிடிக்காத ரூபேயை 1981இல் ஜெயித்துக் காட்டினார். இவ்வளவு இருந்தும் ஐந்தாவது. அவருக்கு மேலே நிற்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

பொகாச்சார் ரூபேயை ஜெயித்தால் அவரை இரண்டாவது இடத்துக்கு ஏற்றி கோப்பியை மூன்றாவதாக்குவேன். ரூபே, சான் ரெமோ இரண்டையும் ஜெயித்து இன்னும் ஒரு டூரும் எடுத்தால் முதலிடத்தைப் பற்றிப் பேச நான் தயார். அதுவரை மெர்க்ஸ்.

டிசம்பர் 8

கெல்லியை மொத்தமாகத் தூக்கிவிட்டீர்களே என்று காலையிலேயே இரண்டு பேர். ஒன்பது மோனுமென்ட், ஒரு வாரப் பந்தயமான பாரிஸ்–நீஸ் தொடர்ந்து ஏழு முறை, ஒரு வுவெல்டா, நான்கு பச்சை ஜெர்சி. ஃப்ளாண்டர்ஸில் மட்டும் மூன்று முறை இரண்டாவது. ராத்திரி முழுக்க இதே யோசனைதான் எனக்கும். ஆங்க்தீல் ஒரு மோனுமென்ட்தான் ஜெயித்திருக்கிறார், எல்லா வகையும் என்ற அளவுக்கு நான் உண்மையாக இருந்தால் கெல்லி உள்ளே வர வேண்டும். ஒன்பதாவது கெல்லி. ஆங்க்தீல் பதினொன்று.